‘பிரதிபா’வுக்கு ஆங்கிலம் என்ன?

நமக்குச் சித்திரை பிறக்கும்போது வங்காளிகளுக்கு வைசாக மாதம் பிறக்கிறது. கொல்கத்தாவின் தென்மேற்கே, டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் பெஹாலாவில் அந்த நாட்களின் மாலை வேளைகளில் நடந்து சென்றால், ஏறக்குறைய ஒவ்வொரு சந்திலிருந்தும் ஆர்மோனிய ஒலி கேட்கும். வைசாகம் 25-ஆம் நாள் ரவீந்திரநாத் தாகூரின் பிறந்த நாள். அதனைக் கொண்டாடாத தெரு அங்கே கிடையாது. எங்கள் தெருச் சிறுவர் சிறுமியர் ஒருமுறை ‘வால்மீகி பிரதிபா’ என்ற இசை நாடகத்தை நடிக்க முடிவு செய்தனர்.

அக்கம்பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் வங்காளம் அறியாத குடும்பங்களும் வசிக்கின்றன. அவர்களுக்காக ஒரு பக்க அளவில் ஆங்கிலத்தில் கதைச் சுருக்கம் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பணி, தெருவில் இருக்கும் ஒரே தமிழன் என்ற முறையில் என்னிடம் வந்து சேர்ந்தது. தென்னாட்டவர் அனைவருக்கும் ஆங்கிலம் கரைகண்ட வித்தை என்பது அங்குள்ளவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்க விரும்பவில்லை. பத்து நிமிடங்களில் எழுதி முடித்தேன். தலைப்பு: ‘தி ஜீனியஸ் ஆஃப் வால்மீகி’. ஆங்கில நூல்களில் இந்த நாடகத்தின் பெயர் பெரும்பாலும் அப்படித்தான் காணப்படுகிறது. எனக்கு எந்த ஐயமும் எழவில்லை.

தாளை அச்சகத்துக்கு எடுத்துச் செல்ல வந்தவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. நாடகத்தில் அவளுக்குக் கொள்ளையர் கூட்டத்தில் ஒருத்தி வேடம். தனிப்பாட்டு எதுவும் இல்லை. நின்றபடியே தாளை வாசித்தாள்.

“ஜேட்டு, ஜீனியஸ் என்றால் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர்கள்தானே?” என்று கேட்டாள். ‘ஜேட்டு’ என்றால் பெரியப்பா.

“பொதுவாக அப்படித்தான் சொல்கிறார்கள், அம்மா.”

“அப்படியானால் வால்மீகி கொள்ளைக்காரராக இருந்தபோதும் ஜீனியஸ்தானா? எங்கள் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாரும் வெறும் கொள்ளைக்காரர்கள்தானா?”

என்னிடம் பதில் இல்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அச்சுக்குக் கொடுக்க இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

பிறகுதான் அவளுடைய தாய் மூலம் செய்தி தெரிந்தது. இரண்டாண்டுகளுக்கு முன்பு பாட்டு கற்பித்த ஒருவர், அவள் காதுபடவே, “இந்தப் பெண்ணிடம் பிரதிபா இல்லை. வீணாகப் பணம் செலவழிக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் பாடுவதில்லை. ஒத்திகையிலும் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறாள். வங்காளத்தில் ‘பிரதிபா’ என்பது அன்றாடப் புழக்கத்தில் உள்ள சொல். நாம் ‘திறமை’ என்பதுபோல அதையும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் பத்து நிமிடங்களில் மொழிபெயர்த்திருந்தேன்.

நாடகமும் அதன் பெயரும்

‘வால்மீகி பிரதிபா’ 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 26 அன்று ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் குடும்ப இல்லத்தில் முதன்முதலாக அரங்கேறியது. ரவீந்திரருக்கு அப்போது வயது 19. இங்கிலாந்தில் சில காலம் இருந்துவிட்டு முந்தைய ஆண்டுதான் திரும்பியிருந்தார். அங்கே கேட்ட ஐரிஷ் மெட்டுகளையும் ஆங்கில மெட்டுகளையும் நம் நாட்டு ராகங்களோடு துணிவாகக் கலந்து பாடல்களை அமைத்தார். வால்மீகியாக அவரே நடித்தார். சரஸ்வதியாக நடித்தது அவருடைய அண்ணன் ஹேமேந்திரநாதரின் மகள். அவள் பெயர் பிரதிபா! நாடகத்தின் பெயரில் அந்த வரலாறும் அடங்கியிருப்பதாகக் கவிஞரே பிற்காலத்தில் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஆக, வால்மீகிக்கு வந்த பிரதிபை என்றும் கொள்ளலாம். வால்மீகியும் பிரதிபாவும் என்றும் கொள்ளலாம். இந்தச் சிலேடையை எந்த ஆங்கிலச் சொல்லாலும் காப்பாற்ற முடியாது. அதை விட்டுவிடுவோம்.

கதை அன்பர்களுக்குத் தெரிந்ததே. ஆயினும் தாகூர் அதைச் சற்று மாற்றி அமைத்திருக்கிறார். வால்மீகி கொள்ளையர் தலைவன். காளிக்குப் பலியிட அவனுடைய ஆட்கள் ஒரு சிறுமியைப் பிடித்து வருகின்றனர். அவளது அழுகுரல் கேட்டு அவன் நெஞ்சம் இளகுகிறது, அவளை விடுவிக்கிறான். அதன்பின் பழைய தொழிலில் மனம் ஒட்டவில்லை, காடெங்கும் அலைகிறான். வேடன் ஒருவன் கிரௌஞ்சப் பறவையை வீழ்த்தும்போது அவன் வாயிலிருந்து, அவனே அறியாத மொழியில், சுலோகம் பிறக்கிறது. லட்சுமி தோன்றிச் செல்வம் தருவதாகக் கூறுகிறாள், மறுக்கிறான். இறுதியில் சரஸ்வதி வருகிறாள். அன்று அழுத சிறுமி நானே என்கிறாள். தன் வீணையை அவனுக்கு அளிக்கிறாள்.

கொள்ளையன் கவியான கதை வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கே அவர் முதலிலிருந்தே முனிவர்தான். சீடர் பரத்வாஜருடன் தமசா நதிக்கு நீராடச் செல்கிறார், பறவையின் துயரைக் காண்கிறார், சோகம் சுலோகமாகிறது. ரத்னாகரன் என்ற கொள்ளையன் ‘மரா மரா’ என்று ஜபித்துப் புற்றால் மூடப்பட்ட வரலாற்றை வங்காளத்தில் பரப்பியது கிருத்திவாசரின் ராமாயணம். தாகூர் இரு மரபுகளையும் இணைத்தார்.

பாலகாண்டத்தில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பதுண்டு. சுலோகத்தைச் சொல்லி முடித்ததும் முனிவர் திகைக்கிறார். ‘நான் இப்போது சொன்னது என்ன?’ என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். தாம் இயற்றிய ஒன்றைப் பார்ப்பதுபோல் அவர் அதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த புதியவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். பிறகுதான் அது பாதங்களாக அமைந்திருப்பதும், தந்தி வாத்தியத்துடன் இசைக்கத் தக்கதாய் இருப்பதும் அவருக்குப் புலப்படுகின்றன.

நம் தொல்காப்பியர் எண்வகை வனப்புகளுள் ஒன்றாகப் புதிதாகப் புனையப்படும் நூலைக் கூறி, அதற்கு ‘விருந்து’ என்று பெயரிட்டார். விருந்து என்றாலே புதுமைதான். வீட்டுக்குப் புதிதாக வருபவருக்கும் அதுவே பெயர். தமசா நதிக்கரையில் வால்மீகிக்கு வந்தது விருந்து.

பொருந்தாத ஆடைகள்

இனி, இதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

நான் எழுதியிருந்த ‘ஜீனியஸ்’ லத்தீன் மொழியிலிருந்து வந்தது. பழைய ரோமானியர்கள் ஒவ்வொரு மனிதனுடனும் அவன் பிறக்கும்போதே ஒரு காவல் தேவதை உடன்வருவதாக நம்பினர். அதன் பெயர் ஜீனியஸ். பிறந்த நாளில் அதற்குப் படையல் இடுவார்கள். அந்தச் சொல்லின் வேர் பிறப்பித்தல் என்ற பொருள் உடையது. நமது ‘ஜனனம்’ என்ற சொல்லின் வேரான ‘ஜன்’ என்பதற்கு உறவுடையது. பின்னாளில், ஐரோப்பாவில், பிறரிடம் இல்லாத அபூர்வ ஆற்றலுக்கும், அந்த ஆற்றல் உடையவருக்குமே அது பெயராயிற்று. எப்படிப் பார்த்தாலும் பிறப்பு அந்தச் சொல்லை விட்டு நீங்கவில்லை. சிறுமி அகராதி பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லின் வேரைத் தொட்டுவிட்டாள்.

‘இன்ஸ்பிரேஷன்’ என்று மாற்றலாமா? உள்ளே மூச்சை ஊதுதல் என்பது இதன் மூலப் பொருள். பிரம்மா வால்மீகியின் ஆசிரமத்துக்கு வந்து, தமது சங்கல்பத்தாலேயே சரஸ்வதி உம்மிடம் வந்தாள் என்று கூறுவதற்கு இது ஒத்துப் போகிறது. ஆனால் ஊதுபவர் வேறு, ஊதப்படும் குழல் வேறு என்றாகிவிடுகிறது. பறவைக்காக உருகிய நெஞ்சு யாருடையது? குழலுக்கு நெஞ்சு உண்டா? மேலும், இன்று இந்தச் சொல் நாட்காட்டியிலும் விளம்பரப் பலகையிலும் அடிபட்டுத் தேய்ந்துவிட்டது.

சுவாமி விவேகானந்தர் இந்தச் சொல்லை மிகுந்த எச்சரிக்கையுடன் கையாண்டார் என்பதை அவருடைய ராஜயோக விரிவுரைகளைப் படித்தவர்கள் அறிவார்கள். இயல்பூக்கம், பகுத்தறிவு, இவற்றுக்கு மேற்பட்ட அகத்தூண்டல் என்று அறிவுக்கு மூன்று படிகளை அவர் காட்டுகிறார். உண்மையான அகத்தூண்டல் பகுத்தறிவை நிறைவு செய்யுமே தவிர ஒருபோதும் அதற்கு முரணாகாது என்றும், அது எல்லோருடைய நன்மைக்காகவே இருக்கும் என்றும் இரு உரைகற்களைத் தருகிறார். வால்மீகியின் சுலோகத்தை அந்த உரைகற்களில் உரைத்துப் பார்க்கலாம், தேறிவிடும். தேறாதவை உலகில் ஏராளம்.

‘இமாஜினேஷன்’ என்பது பிம்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ் 1817-இல் வெளியிட்ட தமது நூலில் அதனை வெறும் மனக்கோலங்களிலிருந்து பிரித்து உயர்ந்த பீடத்தில் அமர்த்தினார். ஆயினும் சாதாரண வாசகருக்கு அது இல்லாத ஒன்றைக் கற்பனை செய்வதாகவே ஒலிக்கும். வால்மீகி இல்லாத எதையும் கற்பனை செய்யவில்லை. பறவை உண்மையாகவே இறந்து கிடந்தது. அதன் துணை உண்மையாகவே கதறியது.

‘இன்டியூஷன்’ என்பது நோக்குதல் என்ற பொருளிலிருந்து வந்தது. நம் ‘தரிசனம்’ என்ற சொல்லுக்கு நெருக்கமானது. யோகிக்கு அது பொருந்தும். ஆனால் யோகி கண்டதைச் சொல்லாமலே இருந்துவிடலாம். கவியின் பிரதிபையோ சொல்லாக வெளிப்பட்டே தீரும்.

‘கிரியேட்டிவிட்டி’யையும் எண்ணிப் பார்த்தேன். இக்காலத்தில் பள்ளி தவறாமல் புழங்கும் சொல். இங்கே சுவாமிஜியின் இன்னொரு எச்சரிக்கை குறுக்கே நின்றது. ‘சிருஷ்டி’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கிரியேஷன்’ என்பது பொருந்தாது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்குதல் என்ற கருத்து அந்த ஆங்கிலச் சொல்லில் உள்ளது. நம் சாத்திரங்களோ உள்ளே ஒடுங்கியிருந்தது வெளிப்படுவதையே சிருஷ்டி என்கின்றன. ஆகவே ‘புரொஜெக்‌ஷன்’ என்ற சொல்லை அவர் விரும்பினார். ஒரு சொல்லின் தேர்வில் ஒரு தத்துவமே அடங்கியிருக்கிறது என்பதை மேலைநாட்டு மேடைகளில் நின்று அவர் அனுபவத்தில் கண்டவர். ‘சிரத்தை’ என்ற சொல்லை 1897-இல் ஆற்றிய ஓர் உரையில் மொழிபெயர்க்கவே மறுத்துவிட்டார்.

பிரதிபைக்கு அவர் என்ன செய்தார்? பதஞ்சலியின் யோக சூத்திரங்களில், மூன்றாம் அத்தியாயத்தில், பிரதிபையால் எல்லாம் அறியப்படும் என்று கூறும் ஒரு சூத்திரம் உண்டு. 1896-இல் வெளிவந்த ராஜயோக நூலில் சுவாமிஜி அந்தச் சொல்லைச் சமஸ்கிருதத்திலேயே விட்டுவிட்டார். பக்கத்தில், தூய்மையினால் தானாகவே உண்டாகும் ஞான ஒளி என்ற பொருளில் ஒரு சிறு விளக்கம் மட்டும் சேர்த்தார். கவனியுங்கள்: ‘பிறப்பினால்’ என்று அவர் சொல்லவில்லை, ‘தூய்மையினால்’ என்றார்.

வேரில் உள்ள ஒளி

‘பா’ என்ற வினைவேருக்கு ஒளிர்தல் என்று பொருள். ‘பிரதி’ என்பது ஒருவரை நோக்கி, ஒருவருக்கு எதிராக. பிரதிபா என்றால் ஒருவரை நோக்கி ஒளிர்வது. சமஸ்கிருதத்தில் ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்று சொல்ல இதே வேரிலிருந்து பிறந்த வினையைத்தான் ஆளுகிறார்கள். ‘என்னை நோக்கி ஒளிர்கிறது’ என்பது அதன் நேர்பொருள். தமிழிலும் நாம் ‘நான் தோற்றுவித்தேன்’ என்று சொல்வதில்லை. ‘எனக்குத் தோன்றியது’ என்கிறோம். தோன்றுவது எழுவாய். நாம் அதைப் பெறுபவர். ஒவ்வொரு நாளும் நூறு முறை சொல்லும் வாக்கியத்தில் இவ்வளவு பணிவு ஒளிந்திருக்கிறது.

காஷ்மீரத்தில் 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பட்ட தௌதர், அபிநவகுப்தரின் ஆசிரியர்களுள் ஒருவர். அவருடைய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் எடுத்தாண்ட சில வரிகளால்தான் அவரை அறிகிறோம். அவற்றுள் ஒன்று பிரதிபைக்கு அவர் கூறிய இலக்கணம்: புதிது புதிதாகக் கண் திறக்கும் அறிவே பிரதிபை. கண் திறத்தலைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொல் ‘உன்மேஷம்’. இமை விரிதல், மொட்டு அவிழ்தல் ஆகிய இரண்டையும் அது குறிக்கும். உலகத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது மட்டுமே பிரதிபை ஆகிவிடாது. முன்பே இருப்பதை நோக்கி இமை புதிதாக விரிகிறது. பறவைகளை வேடர்கள் வீழ்த்துவது தமசா நதிக்கரையில் அன்று முதன்முறையாக நடந்ததா என்ன?

யோக சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசர் இன்னும் அழகான உவமை தருகிறார். பிரதிபையிலிருந்து வரும் அறிவு முழு ஞானத்துக்கு முன்னோடி. சூரியன் உதிப்பதற்குமுன் கீழ்வானில் பரவும் ஒளி போன்றது என்கிறார். அருணோதயம்! அதைப் பார்த்தவுடன் என் தேடல் வேறு திசையில் திரும்பியது. அதற்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதுதான் சிறுமியின் கேள்வி.

இல்லாதவர்க்கு உண்டா?

பிரதிபை பிறவியிலேயே வருவதா? நம் முன்னோர் இதைப் பலவாறு விவாதித்திருக்கின்றனர். அவர்கள் பிறவிப் பேறு என்பதை மறுத்தவர்கள் அல்லர். முற்பிறவியின் வாசனை என்றே பெரும்பாலோர் கருதினர். ஆயினும் அத்துடன் கதவை அடைத்துவிடவில்லை.

காஞ்சிபுரத்தில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி, தமிழில் தண்டியலங்காரத்துக்கு மூலமான காவியாதரிசத்தை இயற்றியவர். கவிதைக்குக் காரணம் மூன்று என்று அவர் முதலில் கூறுகிறார்: இயல்பான பிரதிபை, பரந்த தூய கல்வி, தளராத பயிற்சி. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அவரும் அந்தப் பாட்டு ஆசிரியர் பக்கம்தான் நின்றிருப்பார். ஆனால் அடுத்த சுலோகத்திலேயே, முற்பிறவி வாசனையால் வரும் அந்த அற்புதமான பிரதிபை ஒருவரிடம் இல்லாமல் போனாலும் என்று தொடங்கி, கல்வியாலும் முயற்சியாலும் உபாசிக்கப்படும் வாக்தேவி அவருக்கு ஏதேனும் ஓர் அனுக்கிரகத்தை உறுதியாகச் செய்தே தீர்வாள் என்று முடிக்கிறார். அந்த ‘உறுதியாக’ என்ற சொல்லை அலங்கார சாத்திர நூல் ஒன்றில் நான் எதிர்பார்க்கவில்லை. இலக்கண ஆசிரியர் ஒரு கணம் தாயாகிவிடுகிறார்.

சில நூற்றாண்டுகள் கழித்து வந்த மம்மடர், ஆற்றல், தேர்ச்சி, பயிற்சி ஆகிய மூன்றையும் கூறிவிட்டு, அவற்றை ‘காரணங்கள்’ என்று பன்மையில் சொல்லாமல் ‘காரணம்’ என்று ஒருமையில் சொன்னார். மூன்றையும் பிரிக்க முடியாது என்பது கருத்து. ராஜசேகரர் இன்னும் ஒரு படி சென்றார். பிறவியில் வருவது, இப்பிறவியில் முயன்று ஈட்டுவது, உபதேசத்தால் வருவது என்று கவியின் பிரதிபையை மூவகையாகப் பிரித்தார். அதுமட்டுமா? கவிக்கு ஒரு பிரதிபை வேண்டும் என்பதுபோல, கேட்டு உணர்பவருக்கும் ஒரு பிரதிபை வேண்டும் என்று அதற்குத் தனிப் பெயரே கொடுத்தார். அது இல்லாவிட்டால் கவியின் மரம் காய்க்காது. மேடையில் தனிப்பாட்டு இல்லாதவர்களுக்கும், பந்தலில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களுக்கும்கூட இதில் பங்கு உண்டு.

பர்த்ருஹரியோ இதைப் பறவைகளுக்கும் விரித்தார். வசந்த காலத்தில் குயிலின் குரலை மாற்றுவது யார்? சிலந்திக்கு வலைபின்னக் கற்பித்தது யார்? அதுவும் பிரதிபையே என்றார். காசியில் வாழ்ந்த மகாமகோபாத்தியாய கோபிநாத் கவிராஜ், 1920-களில் எழுதிய நீண்ட ஆங்கிலக் கட்டுரையில், தத்துவ மரபுகள்தோறும் இந்தச் சொல் எடுத்த உருவங்களைத் திரட்டித் தந்திருக்கிறார். அவரும் ‘பிரதிபா’வைத் தலைப்பில் அப்படியே வைத்துக்கொண்டார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சாத்திரம் இவ்வாறு கூறுகிறது. பெஹாலாவிலிருந்து மாஜேர்ஹாட் பாலத்தைக் கடந்தால் அலிப்பூர் வந்துவிடும். அங்கே பிரசிடென்ஸி சிறை இருக்கிறது. ‘சிறை’ என்று சொல்லக்கூடாது; மேற்கு வங்கத்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் ‘சீர்திருத்த இல்லம்’ என்று ஆக்கிவிட்டது. பெயரை மாற்றினால் மனிதர் மாறுவரோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் 2007 முதல் அங்கே சென்று கைதிகளுக்கு நடனம் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களைக் கொண்டு அவர் மேடையேற்றிய நாடகம் எது தெரியுமா? இதே ‘வால்மீகி பிரதிபா’! கொலை, கொள்ளை ஆகிய வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் கொள்ளையர்களாக ஆடினர். சிறைக்கு வெளியிலும், பொது அரங்குகளில், மக்கள் முன்னிலையில் நடித்தனர். வால்மீகியாக நடித்தவர் பின்னர் விடுதலை பெற்றார். அந்தச் சிறை அனுபவத்தைத் தழுவி 2012-இல் வெளிவந்த ‘முக்ததாரா’ என்ற வங்காளத் திரைப்படத்திலும் நடித்தார். இவர்களுக்கு ‘ஜீனியஸ்’ என்ற சொல்லை எங்கே ஒட்டுவது? பிறப்பிலேயே இருந்ததா? இருந்திருந்தால் இத்தனை காலம் எங்கே போயிற்று? ஆனால் அவர்களுக்கு ஏதோ ஒன்று நேர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

‘நேர்ந்தது’ என்று எழுதும்போதுதான் ஆங்கிலத்தில் உள்ள ஓர் எளிய வழக்கு நினைவுக்கு வந்தது. ஒருவருக்கு ஒன்று திடீரென்று புலப்பட்டால் ‘இட் டான்ட் ஆன் மீ’ என்பார்கள். ‘டான்’ என்றால் விடியல். ‘அது என்மேல் விடிந்தது’ என்று சொல்வது போன்ற அமைப்பு. சமஸ்கிருதத்தில் ‘என்னை நோக்கி ஒளிர்ந்தது’, தமிழில் ‘எனக்குத் தோன்றியது’, ஆங்கிலத்தில் ‘என்மேல் விடிந்தது’. மூன்று மொழிகளிலும் ‘நான்’ செய்பவன் அல்லன். வியாசரின் அருணோதயமும் இதில் அப்படியே அமைந்திருக்கிறது. அகராதிகளில் பிரதிபைக்கு நேராக நான் தேடிய பெரிய சொற்கள் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. கிடைத்ததோ ஆங்கிலேயரின் சமையலறையிலும் வயலிலும் புழங்கும் சொந்தச் சொல்.

விடியலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைப்போலப் பழையது வேறில்லை. ஆயினும் அது எந்நாளும் புதிது. வேத ரிஷிகள் உஷை தேவியை ஒரே மூச்சில் தொன்மையானவள் என்றும் இளநங்கை என்றும் அழைத்தனர். பட்ட தௌதர் ‘புதிது புதிதாக’ என்று அடுக்கிச் சொன்னதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை. மேலும் அது எவர் வீட்டுக் கூரையையும் தேர்ந்தெடுத்து ஒளிர்வதில்லை. கதவு திறந்திருந்தால் உள்ளே வருகிறது. கதவைத் திறப்பது எது என்பதற்கு வால்மீகியின் கதையே பதில் சொல்கிறது. ஒரு சிறுமியின் அழுகை. பிறகு ஒரு பறவையின் மரணம். சுலோகம் வருவதற்கு வெகு முன்பே அவன் நெஞ்சு இளகிவிட்டது. இதை விளக்க ‘ஜீனியஸ்’ என்ற சொல்லில் இடமே இல்லை.

இந்தத் தேர்விலும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘டானிங்’ என்பதில் ஒளி இருக்கிறது. சொல்லாக வெளிப்படும் வேகம் இல்லை. ஆங்கிலப் புலமை மிக்க நண்பர் ஒருவர், “தலைப்புக்கு இது மிகவும் சாதாரணமாக இருக்கிறதே” என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் தாளைத் திருத்தி எழுதினேன். தலைப்பில் சுவாமிஜியின் வழியையே பின்பற்றி, ‘வால்மீகி பிரதிபா’ என்று ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தேன். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: கொள்ளைக்காரன் வால்மீகியின்மேல் விடிந்தது என்ன என்று பொருள்படும் ஆங்கிலம். சிறுமி வந்து வாங்கி வாசித்தாள்.

“டான் என்றால் உஷாதானே, ஜேட்டு?”

“ஆமாம்.”

“பிரதிபா என்றாலும் அதுதானா?”

“அதற்கு மிக அருகில் வரும், அம்மா. காஞ்சிபுரத்தில் தண்டி என்று ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்தவர்...” என்று தொடங்கி, அந்த இரண்டு சுலோகங்களின் பொருளையும் அவளுக்கு எட்டிய அளவில் சொன்னேன். இடையில் ஒருமுறை, “நிச்சயமாக என்றா சொல்லியிருக்கிறார்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள்.

விழா அன்று மாலை வழக்கம்போல் கால்பைசாகிப் புயல் வந்து பந்தலின் ஒரு பக்கத்தைக் கிழித்தது. ஒரு மணி நேரம் தாமதமாக நாடகம் தொடங்கியது. கொள்ளையர் பாட்டின்போது அவள் பின்வரிசையில்தான் நின்றாள். வாய் நன்றாகத் திறந்து மூடியது. குரலும் வந்ததா என்பதை, டோலக்கும் பதினைந்து கொள்ளையரும் எழுப்பிய அத்தனை ஆரவாரத்துக்கிடையே, என்னால் பிரித்தறிய இயலவில்லை.